மாப்ளைக்கு ஒரு கூடாரம்

மாப்ளே, ஒத்த ஆளு படுக்குற கூடாரம் ஒண்ணு நீ வாங்கப்போறேன்னு அக்கா சொல்லுச்சு. கேட்டதும் மனசு நெறஞ்சுபோச்சு. நம்ம வகையறாவுல காசு குடுத்து வெட்டவெளியில படுக்கப்போற மொத ஆளு நீதான். இதுக்கு முன்னால வெளிய படுத்தவுக எல்லாம் ஒண்ணு காட்டுக் காவலுக்குப் படுத்தாக, இல்லாட்டிப் பொண்டாட்டி கதவைச் சாத்திட்டாள்னு படுத்தாக. ஒருத்தர்கிட்டயும் ரசீது கெடையாது.

நீ அனுப்புன படத்தை எல்லாம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்தேன். பனிமலை அடிவாரத்துல கூடாரம், உள்ளுக்குள்ள வெளக்கு எரியுது, வாசல்ல ஒரு வெள்ளக்காரப் பொண்ணு காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கு. அந்தப் பொண்ணு பெட்டியோட வராதுன்னு நெனைக்கிறேன். எதுக்கும் கடையில ஒரு வார்த்தை கேட்டுக்க.

நான் படிச்சவன் இல்லை. எட்டாவதோட தறிக்குழிக்குள்ள காலைத் தொங்கப்போட்டவன். பெறகு பவர்லூம் வந்து அந்தக் குழியையும் மூடிருச்சு. அதனால தெரியாமத்தான் கேக்குறேன், தப்பா எடுத்துக்கிறாத. இதை எங்க கொண்டுபோயி அடிக்கப்போற?

சதுரகிரின்னு சொல்லுவ. தாணிப்பாறை கேட்டுல உன் மூட்டையை அவுத்துப் பார்த்தாகன்னா கூடாரம் வெளிய நிக்கும், நீ மட்டும் உள்ள போவ. மலையில ராத்திரி தங்க விடுறதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைக் காடு 2021-ல புலிகள் காப்பகம் ஆயிருச்சு. அங்க திருட்டுத்தனமாக் கூடாரம் அடிக்கிறவன் புலிக்குப் பயப்படுறதுக்கு முன்னால ரேஞ்சருக்குப் பயப்படணும். குரங்கணியில 2018 மார்ச் மாசம் மலையேறப் போன புள்ளைக 20 பேருக்கு மேல காட்டுத்தீயில போச்சு. அதுல இருந்து சர்க்கார் இந்த விசயத்துல வெளையாடுறதில்லை. 2024 அக்டோபர்ல 40 தடம்னு அறிவிச்சு, பணம் கட்டுனா வழிகாட்டியோட கூட்டிட்டுப் போறாக. நல்ல ஏற்பாடுதான். ஆனா பெரும்பாலும் பொழுது சாயுறதுக்குள்ள கீழ எறக்கி விட்டுருவாக. சரி, இமயமலைன்னு வையி. உத்தராகண்டுல புக்யால்னு சொல்ற மலைப் புல்வெளியில ராத்திரி தங்கக்கூடாதுன்னு 2018-ல ஐகோர்ட்டே தடை போட்டுச்சு.

அதனால, எந்தக் கூடாரம்னு கேக்குறதுக்கு முன்னால எந்த மண்ணுன்னு கேளு. பனி விழுற எடமா, பேய்க்காத்து வீசுற எடமா, பாறையா, சகதியா, கொசுக்காடா? எடம் தெரிஞ்சுட்டா முக்காவாசிக் கூடாரம் தானாக் கழிஞ்சுபோகும். ஆனா நீ அதைக் கேக்க மாட்ட. கிராம் கணக்குத்தான் கேப்ப. அதையும் பார்த்துருவோம்.

அட்டையில ஒரு கிலோன்னு போட்டிருக்குன்னு குதிக்கிற. விருதுநகர்ல கமிஷன் கடைக்காரன்கிட்ட இதைச் சொல்லிறாத, சிரிப்பான். அங்க தராசுல ஏறுன எடை வேற, சாக்குக் கழிவு போக நிக்கிற எடை வேற. கூடாரக்காரன் அதுல கமிஷன் கடைக்காரனையே தூக்கிச் சாப்பிடுவான். துணி, வலை, கம்பி மட்டும் சேர்த்துச் சொல்ற எடை ஒண்ணு. அதுல முளைக்குச்சி கெடையாது, இழுப்புக்கயிறு கெடையாது, போட்டு வைக்கிற பை கெடையாது. எல்லாம் சேர்த்துக் கட்டுன எடை இன்னொண்ணு. மொதல் எடையைக் கொட்டை எழுத்துல போடுவான். ரெண்டாவதைப் பொடி எழுத்துல தேடணும். நீ முதுகுல சொமக்கப்போறது ரெண்டாவதைத்தான்.

இன்னொரு சூட்சுமம் இருக்கு. சில கூடாரத்துக்குக் கம்பியே கெடையாது. நடக்குறப்ப ஊணிக்கிட்டுப் போற ஊன்றுகோலையே நடுவுல நிறுத்தி, துணியைச் சுத்திலும் இழுத்துக் கட்டணும். டர்ஸ்டன்கிறவன் போட்ட எக்ஸ்-மிட் அந்த ரகம். ரெண்டு அடுக்கு இருந்தும் ஒரு கிலோவுக்குள்ள நிக்குது. நல்ல புத்திதான். ஆடு மேய்க்கிற கீதாரி கையில கம்பு இல்லாம வெளிய எறங்குவானா? அவனுக்கு இந்தக் கூடாரம் லாபம். உனக்குக் கம்பு ஊணி நடக்குற பழக்கம் இருந்தா உனக்கும் லாபம். இல்லைன்னா கம்பு ஒரு சோடி நானூறு ஐநூறு கிராம் வரும், காசும் தனி. அட்டைக்காரன் அதைச் சொல்ல மாட்டான், நீயும் கேட்டிருக்க மாட்ட.

துணிக்கு வருவோம். இதுல மாமனை ஏமாத்த முடியாது.

அருப்புக்கோட்டைத் தறிக்காரனுக்கு நூல்னா நம்பர். 40-ம் நம்பர், 60-ம் நம்பர், 80, 100. ஒரு பவுண்டு நூல்ல 840 கஜச் சிட்டம் எத்தனை இருக்கோ, அது நம்பர். நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும். கூடாரக்காரன் கணக்கு இதுக்குத் தலைகீழ். அவன் டெனியர்ங்கிறான். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் நிக்குதோ, அத்தனை டெனியர். எண்ணு எறங்க எறங்கத்தான் நூல் சன்னம். நீ அனுப்புன ஒண்ணுல 20 டெனியர்னு இருந்துச்சு. காலண்டர் தாளுக்குப் பின்பக்கம் கணக்குப் போட்டேன். 5,315-ஐ டெனியரால வகுத்தா நம்ம ஊரு நம்பர் வந்துரும். 20 டெனியர்னா சுமாரா 265-ம் நம்பர் நூல் மாப்ளே! 10 டெனியர்னு ஒண்ணு விக்கிறானே, அது சுமாரா 530-ம் நம்பர். நம்ம ஊருல 100-ம் நம்பர் பாவு போட்டாலே இழை அறுந்து அறுந்து தறிவீட்டுல புருசன் பொண்டாட்டி பேச்சுவார்த்தை நின்னுபோகும். இவன் 265-ல துணி நெய்ஞ்சு, மழைக்கு முன்னால விரிச்சு நிறுத்துறான். நைலானும் பாலியெஸ்டருமா இருக்கவும் நிக்குது. அதனால 20 டெனியர்னா மட்டம், 10 டெனியர்னா ஒசத்தின்னு நெனைக்காத. மேல்துணி 15, 20 இருக்கட்டும். தரைத்துணி அதைவிடக் கனமா இருந்தா நல்லது.

அந்தத் துணியை வெளிச்சத்துக்கு நேராப் பிடிச்சுப் பாரு. சின்னச்சின்னக் கட்டமாத் தெரியும். அது அழகுக்குப் போட்டது இல்லை. பாவுலயும் ஊடையிலயும் அஞ்சாறு மில்லிமீட்டருக்கு ஒருக்கா தடிச்ச இழையைக் குடுத்து நெய்ஞ்சிருக்கான். எங்கயாவது முள்ளு மாட்டிக் கிழிஞ்சா, கிழிசல் அந்தத் தடிச்ச இழையில முட்டி நின்னுரும். காலமெல்லாம் லுங்கியில கட்டம் போட்ட நாங்க இதை ரோசிக்காமப் போனமேன்னு இருக்கு. பெறகு தையலைப் பாரு. ஊசி எறங்குன ஓட்டை ஒவ்வொண்ணும் தண்ணி உள்ள வர்ற வாசல். உள்பக்கம் தையல் மேல நாடா ஒட்டியிருக்கணும். ரெண்டு பக்கமும் சிலிக்கான் பூசுன துணியில நாடா ஒட்டாது. அப்ப சிலிக்கான் பசையை வாங்கித் தையலுக்குத் தையல் தடவுற வேலை உன் தலையில விடியும். கயிறு கட்டுற காது இருக்கே, அந்த மூலையில துணி ரெண்டு மூணு மடிப்பா வச்சுத் தச்சிருக்கானான்னு விரலால தடவிப் பாரு. ஜிப்பை ஒத்தக் கையால இழுத்துப் பாரு. துணிக்கு முன்னால செத்துப்போறது ஜிப்புத்தான், அதுலயும் நம்ம கரிசப் புழுதி உள்ள போனா சீக்கிரம் போகும்.

நைலானா, பாலியெஸ்டரான்னு கேட்டா நான் பாலியெஸ்டர் கட்சி. நைலானுக்கு வலு கூட, இல்லைங்கலை. ஆனா அது ஈரத்தைக் குடிக்கும். சாயங்காலம் வெறப்பா இழுத்துக் கட்டுன துணி நடுச்சாமத்து மழையில தொய்ஞ்சு உன் மூக்கைத் தொடும். டார்ச்சைக் கவ்விக்கிட்டு வெளிய வந்து மறுபடி இழுத்துக் கட்டணும். பாலியெஸ்டர் அம்புட்டுத் தொய்யாது. நம்ம வெயிலுக்கும் நைலானைவிட நின்னு பதில் சொல்லும்.

அந்த அம்பதாயிர ரூவாக் கூடாரத்தை நீ கடைசியாத்தான் அனுப்புன, ஆனா அதுமேலதான் உனக்குக் கண்ணுன்னு எனக்குத் தெரியாதா? டைனீமாவாம். நெய்யாத துணி மாப்ளே அது! பாவும் இல்லை, ஊடையும் இல்லை. இழையை வரிசையாப் படுக்கவச்சு மேலயும் கீழயும் சவ்வுத்தாளை ஒட்டியிருக்கான். பந்தயப் படகுக்குப் பாய் செய்யுறதுக்குன்னு பொறந்த சரக்கு. தண்ணி குடிக்காது, தொய்யாது, மொத்தக் கூடாரமே அரைக் கிலோவுக்குக் கீழ நிக்கும். எல்லாம் நெசந்தான். முள்ளுக்கும் உரசலுக்கும் மட்டும் அது கொஞ்சம் கோழை. மடிச்சாலும் நைலான் அளவுக்குச் சுருங்காது. தறியில ஏறாத துணிக்கு அம்பதாயிரம் குடுக்குறான்னு நெசவாளர் சங்கத்துல சொன்னேன்னு வையி, உனக்கு அனுதாபத் தீர்மானம் போட்டுருவாக.

இன்னொண்ணு பார்த்து அசந்துட்டேன். 3,000 மி.மீ.ன்னு போட்டிருந்துச்சு. நம்ம ஜில்லாவுல வருசம் பூராப் பெய்யுற மழையே 800 மில்லிமீட்டர் சொச்சம். அப்ப மூணு நாலு வருசத்து மழை ஒரே ராத்திரியில கொட்டுனாலும் தாங்குமான்னு பக்கத்து வீட்டு வாத்தியாரைக் கேட்டேன். பாவம், மனுசன் அரை மணி நேரம் வெளக்குனாரு. எனக்கு மொதல்லயே தெரியும். அவருக்குத் தெரியுமான்னு பார்த்தேன். துணி மேல தண்ணியை ஒரு குழாய்க்குள்ள நிறுத்துனா எம்புட்டு உசரம் வரைக்கும் ஒழுகாம நிக்கும்ங்கிற கணக்கு அது. மேல்துணிக்கு 1,500 இருந்தாலே சாதாரண மழைக்குப் போதும். தரைத்துணிக்குத்தான் கூட வேணும். ஈரத்தரையில நீ முட்டியை ஊணி எந்திரிக்கிறப்ப உன் எடை பூரா அந்த ஒரு எடத்துல தண்ணியை அமுக்கும். உன் எடையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. கல்யாண வீட்டுப் பந்தியில உன்னைப் பார்த்தவுக சொல்லுவாக.

இனி ஒத்த ஆளு கூடாரம்னா என்னன்னு நம்ம காட்டுலயே பாப்போம். அறுப்பு முடிஞ்சதும் ஆட்டை ஓட்டிக்கிட்டு ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில இருந்து தஞ்சாவூர் வரைக்கும் போற கீதாரிக இருக்காகளே, அவுகளுக்கு வருசத்துல பாதி வெளிப்படுக்கைதான். பகல்ல மேய்ப்பு, ராத்திரி சம்சாரி நெலத்துல கெடை. புழுக்கையும் மூத்திரமும் நெலத்துக்கு உரம், அதுக்குக் கீதாரிக்குக் கூலி. சு.தமிழ்ச்செல்வி 'கீதாரி'ன்னு ஒரு நாவலே எழுதியிருக்காக. கி.ரா.வோட 'கிடை'யும் இருக்கு. மூட்டையில ஒரு புத்தகம் வச்சுத்தான் ஆகணும்னா 'கிடை'யை வையி, எடை கம்மி.

கீதாரி கூடவே நகர்ற வீட்டுக்குக் கூடாப்புன்னு பேரு. வளைச்ச கம்பு, மேல ஓலை. தூக்கிக் கொண்டுபோயி அடுத்த காட்டுல வச்சுக்கிறலாம். மழைன்னா எளங்குட்டிக்கும் பொம்பளை புள்ளைகளுக்கும்தான் அதுல மொத எடம். ஆம்பளைக்குக் கொங்காணி. உனக்கு அதெல்லாம் எங்க தெரியப்போகுது? ஒரு சாக்கை எடுத்து, அடிப்பக்கத்து மூலை ஒண்ணை அடுத்த மூலைக்குள்ள குத்தி விட்டா தலையில மாட்டுற கூம்பு வந்துரும். மிச்சச் சாக்கு முதுகை மூடி முழங்கால் வரைக்கும் தொங்கும். நடந்தா சட்டை, உக்காந்தா வீடு, படுத்தா பாய். இதையே இப்ப சிலிக்கான் பூசுன நைலான்ல செஞ்சு பாஞ்சோ டார்ப்னு பேரு வச்சு விக்கிறான். நடக்குறப்ப மழைக்கோட்டு, நின்னா கூடாரம். கால் கிலோ சுமாருக்கு வருது. கொங்காணிக்கு வெளிநாட்டுல இம்புட்டு மருவாதின்னு தெரிஞ்சிருந்தா நம்ம ஆளுக சாக்கைச் சலவை பண்ணியாவது போட்டிருப்பாக.

அமெரிக்காவுலயும் நம்ம ஊருக்கு வாக்கப்பட்டிருக்க வேண்டிய ஒரு கெழவி இருந்திருக்கா. எம்மா கேட்வுட்னு பேரு. 11 புள்ளை பெத்தவ. 67 வயசுல, 1955-ல, அப்பலாச்சியன் மலைத்தடம் பூராவையும் தன்னந்தனியா நடந்து முடிச்சா. 3,300 கிலோமீட்டர் சுமாரு. தானே தச்ச சுருக்குப்பை ஒண்ணு தோள்ல, கால்ல சாதாரணக் கேன்வாஸ் ஷூ, போத்திக்கக் கம்பளி, மழைக்குக் குளியலறையில தொங்கவிடுற பிளாஸ்டிக் திரை. கூடாரமே கெடையாது. ரெண்டு வருசம் கழிச்சு மறுபடி ஒருக்கா போனா. 11 புள்ளை வளர்த்தவளுக்கு ராத்திரி யாரும் எழுப்பாமப் படுக்குற எடம் காடா இருந்தா என்ன, மலையா இருந்தா என்ன!

ஆனா எடையைக் குறைக்கிறதுல உச்சம் தொட்டவரு நம்ம திருச்சுழிக்காரரு. 1879 டிசம்பர் 30-ல அங்க பொறந்த வேங்கடராமன், 1896-ல மதுரையை விட்டுக் கெளம்புறப்ப, அண்ணன் காலேஜுக்குக் கட்டக் குடுத்த அஞ்சு ரூவாயில மூணு ரூவாயை மட்டும் எடுத்துக்கிட்டாரு. திருவண்ணாமலை போயிச் சேந்ததும் மிச்சக் காசு, துணி, கையில இருந்த பலகாரப் பொட்டலம் எல்லாத்தையும் குளத்துல வீசிட்டுக் கோவணத்தோட நின்னாரு. மூட்டை எடை சைபர். பெறகு விரூபாட்ச குகையில பல வருசம் இருந்து ரமண மகரிஷி ஆனாரு. குகைக்கு முளை வேண்டாம், கயிறு வேண்டாம், தையலுக்கு நாடாவும் வேண்டாம். ஆனா ஒண்ணு சொல்லுவாக. ஆரம்பத்துல பாதாள லிங்கத்துக் குழியில உக்காந்திருந்தப்ப, பூச்சி தொடையை அரிச்சுப் புண்ணாக்கியும் அவருக்குத் தெரியலையாம். மகான், தெரியலை. நீ ஒத்தக் கொசு காதுகிட்ட பாடுனாலே எந்திரிச்சு லைட்டைப் போட்டு வீட்டையே எழுப்புற ஆளு. உனக்கு வலை வேணும்.

இதுல மட்டும் நான் வெளையாடலை. சுத்திலும் வலை, தரையோட சேத்துத் தச்ச ஓரம், மூடுன ஜிப்பு, இது மூணும் இல்லாத கூடாரத்தைத் தொடாத. கட்டுவிரியன் ராத்திரியில வர்றது. தரையில தூங்குற ஆளைக் கடிச்சிட்டுப் போயிரும், பல நேரம் வலியே தெரியாது, கடிச்ச தடமும் தெரியாது. அடிவயித்து வலின்னு காலையில சுக்குக் கசாயம் போட்டுக்கிட்டு இருப்பான், அதுக்குள்ள கண் எமை தூக்க முடியாமப் போகும். நம்ம காட்டுல சுருட்டை விரியனும் உண்டு, தேளும் செய்யானும் கணக்கே இல்லை. நாலு பக்கமும் தெறந்த டார்ப்பு அடிச்சா நூத்தம்பது கிராம் மிச்சம்னு எவனாவது சொன்னா, அவனை ஒரு ராத்திரி திருச்சுழிப் பக்கம் கரிசக்காட்டு வரப்புல படுக்கச் சொல்லு.

முளைக்குச்சிக்கு வர்றேன். படத்துல எல்லாம் பச்சைப் புல்லு மேல கட்டைவிரலாலயே முளையை எறக்குறான். நம்ம கரிசலை அவன் பார்க்கலை. சித்திரையில மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும். வெடிப்புல அடிச்சா முளை உள்ள போயித் தொலைஞ்சுரும், பாளத்துல அடிச்சா முளை வளைஞ்சுரும். ஐப்பசி மழையில அதே மண்ணு கொழகொழன்னு ஆகி, எம்புட்டு ஆழத்துல எறக்குனாலும் நோகாம வெளிய வரும். ஊசிக் கம்பி முளை இங்க ஆகாது. ஒய் எழுத்து மாதிரி மூணு விளிம்பு இருக்குற அலுமினிய முளை, கொஞ்சம் நீளமானதா வாங்கு. சகதியில குச்சியைப் படுக்கைவசமாப் புதைச்சு அதுல கயிறைக் கட்டு. பாறையில குச்சியில கயிறைக் கட்டி, அந்தக் குச்சி மேல கல்லைத் தூக்கி வையி. முளை அடிச்சாத்தான் நிக்கும்ங்கிற கூடாரத்துக்கு இது அத்தனையும் பாடமாத் தெரியணும். தெரியாட்டி, கம்பியைக் குறுக்க வளைச்சுச் செருகுனா தானா நிக்கிற ரகத்தை வாங்கு. கொஞ்சம் எடை கூட, ஆனா ராத்திரி தலையில விழாது. தானா நிக்குதேன்னு முளை அடிக்காம விட்டுறாத. ஆடிக்காத்துல அருப்புக்கோட்டையில விட்டா திருச்சுழியில போயிப் பொறுக்கணும்.

மணல் மெத்துன்னு இருக்குன்னு ஓடைக்குள்ள அடிச்சிறாத. குண்டாறு வருசத்துல முக்காவாசி நாள் காஞ்சு கெடக்கும், மேக்க மழை பெஞ்சா சொல்லாம வரும். சதுரகிரியில 2015 மே மாசம் திடீர்னு வந்த காட்டாத்து வெள்ளத்துல சாமி கும்பிடப் போனவுகளே செத்துப்போனாக.

உன் மூச்சையும் கணக்குல எடுத்துக்க. ராத்திரி பூரா நீ விடுற மூச்சுலயும் வேர்வையிலயும் கால் லிட்டர் தண்ணியாவது காத்துல கலக்கும். ஒத்தை அடுக்குத் துணியில அது உள்பக்கம் படிஞ்சு விடியக்காலம் உன் மேலயே சொட்டும். மழையே பெய்யாம நனைஞ்சவன்னு பேரெடுப்ப. ரெண்டு அடுக்குன்னா துணிக்கும் உனக்கும் நடுவுல வலை நிக்கும். நம்ம பக்கம் காத்து காஞ்சது, இந்தத் தொல்லை கம்மி. கொடைக்கானல், மூணாறு பக்கம் போறவனுக்கு இது முக்கியம். சித்திரையில நம்ம ஊருலன்னா வெளித்துணியைக் கழத்திட்டு வலையை மட்டும் நிறுத்திப் படுக்கலாம். அப்படி வலை தனியா நிக்கிற கூடாரமாப் பாரு.

நீளம் 210 செ.மீ.ன்னு போட்டிருப்பான். அது தரையில உள்ள நீளம். துணி ரெண்டு பக்கமும் சரிஞ்சு வர்றதால, உன் மொகத்து உசரத்துல அவ்வளவு இருக்காது. தலைமாட்டுல ஒரு சாண், கால்மாட்டுல ஒரு சாண் மிச்சம் இருக்கான்னு கடையிலயே படுத்துப் பாரு. வெக்கப்படாத, மெத்தைக் கடையில படுக்குறோமே. உக்காந்தா உச்சி இடிக்காம இருக்க ஒரு மீட்டர் உசரமாவது வேணும். இன்னொண்ணும் காதுல போட்டு வைக்கிறேன். உனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம். நாளைக்கு அது நானும் வாரேன்னு சொன்னா என்ன பண்ணுவ? ரெண்டு ஆளு கூடாரம் முந்நூறு நானூறு கிராம்தான் கூட வரும். வாங்கச் சொல்லலை. ரோசிச்சு வைக்கச் சொல்றேன்.

தரைக்கு அடியில போட உரச்சாக்கு ரெண்டை அறுத்துத் தச்சு உங்க அத்தை தருவா. சீமைக்கருவேல முள்ளு சைக்கிள் டயரையே எறக்கிவிடுறது, உன் 20 டெனியர் எம்மாத்திரம்? படுக்குறதுக்கு முன்னால தரையைக் கையால தடவி முள்ளைப் பொறுக்கு. ஊருக்கு வந்ததும் ஈரத்தோட மடிச்சு அலமாரியில வைக்காத. பூச்சு பிசுபிசுன்னு உரிஞ்சு நாத்தமெடுக்கும், பெறகு கடைக்காரனைத் திட்டிப் புண்ணியமில்லை. கிராம் கிராமாக் குறைச்சு வாங்குன கூடாரத்துல கால் கிலோ கரிசமண்ணு ஒட்டிக்கிட்டு வரும், அதையும் கழுவிக் காயப்போட்டு மடி.

மாமன் தீர்ப்பு இதுதான். ரெண்டு அடுக்கு, சிலிக்கான் பூசுன பாலியெஸ்டர், முழு வலை, முளை கயிறு பை எல்லாம் சேத்து ஒண்ணரைக் கிலோவுக்குள்ள. உனக்கு ஊன்றுகோல் பழக்கம் இல்லாததால தானா நிக்கிற ரகம். அம்பதாயிரத்துக்கு அவசியமில்லை. மொதல்ல வாடகைக்கு எடுத்து ஒரு மலைக்குப் போயிட்டு வந்து பெறகு காசைக் கொட்டு. வாங்கிட்டா ஐப்பசியில ஒரு மழை நாளாப் பாத்து இங்க வந்து, நம்ம களத்துல அடிச்சு ஒரு ராத்திரி படு. நனையலைன்னா இமயமலைக்கு எடுத்துக்கிட்டுப் போ. நனைஞ்சா இங்கயே வச்சுட்டுப் போ, உங்க அத்தை வத்தல் மூடி வைக்கத் துணி கேட்டுக்கிட்டே இருக்கா. வர்றப்ப அந்த ஒய் முளையில நாலு கூட வாங்கிட்டு வா. வெள்ளாடு ரெண்டும் முளையைப் பிடுங்கிட்டுப் பக்கத்துப் புஞ்சையில மேயுது.